ஜாதகக் கட்டமும் சாதனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறைய ஜாதக நோட்டுகள் இருக்கின்றன. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, ‘ஜனனீ ஜென்ம சௌக்யானாம்’ என்று தொடங்கும் சுலோகத்தை எழுதி, உதயாதி நாழிகை இத்தனை, தசை இருப்பு இத்தனை வருடம் என்று தாத்தா கைப்பட எழுதியவை. சித்தப்பாவின் நோட்டில் மட்டும் சிவப்பு மையில் ‘கஜகேசரி யோகம்’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கும். சித்தப்பா கடைசி வரை சைக்கிள் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், கை சுத்தமான மெக்கானிக். ஆனால் ‘எனக்கு வர வேண்டியது வராமலே போச்சு’ என்ற குறையோடுதான் போய்ச் சேர்ந்தார். அந்த இரண்டு கோடு அவரை விடவே இல்லை.

கிரக அமைப்புக்கும் ஒருவர் பெரிய ஆளாக வருவதற்கும் தொடர்பு உண்டா, யாராவது உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்களா என்று நான் தேடத் தொடங்கியது அந்த நோட்டால்தான். எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அதைப் பற்றித் தெரிந்தவர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சாதித்தவர்கள் ஜாதகத்தை எடுத்துப் பார்த்தால் யோகம் இருக்கத்தானே செய்கிறது?

இருக்கும், கண்டிப்பாக இருக்கும். சைக்கிள் கடைக்காரர் ஜாதகத்திலும் இருக்கும். அங்கேதான் சிக்கலே.

கஜகேசரியையே எடுத்துக்கொள்வோம். சந்திரன் நிற்கும் ராசியிலிருந்து 1, 4, 7, 10 ஆகிய இடங்களில் ஒன்றில் குரு இருந்தால் கஜகேசரி. குரு ஒரு ராசியில் ஏறக்குறைய ஒரு வருடம் இருப்பார், சந்திரனோ 27 நாளில் பன்னிரண்டு ராசியையும் சுற்றி வந்துவிடுவார், ராசிக்கு இரண்டேகால் நாள். அப்படியானால் ஒவ்வொரு சுற்றிலும் நாலு ராசி, ஒன்பது நாள், சந்திரன் குருவுக்குக் கேந்திரத்தில்தான் (அந்த 1, 4, 7, 10-இல் ஒன்றில்தான்) இருப்பார். அந்த ஒன்பது நாளில் எந்த ஊரில் யாருக்குப் பிறந்த குழந்தையானாலும் கஜகேசரிதான். மூன்று பேரில் ஒருவருக்கு உண்டு.

சூரியனும் புதனும் ஒரே ராசியில் இருந்தால் புதாதித்ய யோகம், புத்திசாலி, கணக்கில் புலி என்பார்கள். புதன் வானத்தில் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகவே மாட்டார், ஒரு ராசி என்பது 30 பாகை. எனவே ஒன்று சூரியனோடு ஒரே கட்டத்தில் இருப்பார், இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டத்தில். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த யோகம் அமைந்துவிடும்.

பஞ்ச மகாபுருஷ யோகங்கள் (ருசகம், பத்ரம், ஹம்சம், மாளவியம், சசம்) கொஞ்சம் அரிதாகத் தெரியும். செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி ஆகியோரில் ஒருவர் ஆட்சியோ (சொந்த ராசி) உச்சமோ (முழு பலம் பெறும் ராசி) பெற்று, லக்னத்துக்கு, அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கில் உதித்த ராசிக்கு, கேந்திரத்தில் இருக்க வேண்டும். ஒரு யோகத்தைத் தனியாகக் கணக்குப் போட்டால் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு வரும், புதனுக்கு மட்டும் பதினெட்டில் ஒன்று. ஐந்தில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்றால், திரும்பவும் மூன்று பேரில் ஒருவருக்கு வந்து நிற்கிறது. கஜகேசரி, புதாதித்யம், மகாபுருஷம் என்ற இந்த மூன்று வகையில் ஒன்றுகூட இல்லாதவர்கள் தோராயமாக நூற்றுக்கு 22 பேர்தான். நீசபங்கம், தர்மகர்மாதிபதி, விபரீத ராஜயோகம் போன்ற மற்ற யோகங்கள் எல்லாம் இன்னும் கணக்கில் வரவே இல்லை.

ஆனால் குரு நீசமாகவோ (பலம் இழக்கும் ராசியில்) அஸ்தங்கமாகவோ (சூரியனை ஒட்டி மறைந்து) இருந்தால் அது முழு கஜகேசரி இல்லை என்பார்களே?

சரிதான், சாஸ்திரத்தில் அந்த நிபந்தனைகள் உண்டு. என் வருத்தம் அவை எப்போது வெளியே வருகின்றன என்பதில்தான். குழந்தை பிறந்ததும் ‘கஜகேசரி’ என்று எழுதுகிறோம். அவன் கலெக்டர் ஆனால் ‘பார்த்தீர்களா’ என்கிறோம். கடை வைத்தால் அதற்கப்புறம் நோட்டைப் புரட்டி, குருவுக்குச் சனி பார்வை இருக்கிறது, யோகபங்கம் என்கிறோம். கலெக்டர் ஜாதகத்தில் அதே சனி பார்வை இருக்கிறதா என்று யாரும் திரும்பப் போய்ப் பார்ப்பதில்லை.

அப்படியானால் எப்படித்தான் சோதிப்பது?

இரண்டு கட்டு வேண்டும். சாதித்தவர்கள் ஜாதகம் ஒரு கட்டு, சாதாரணமாக வாழ்ந்தவர்கள் ஜாதகம் ஒரு கட்டு. எதை எண்ணப் போகிறோம் என்பதை நோட்டைத் திறப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். இரண்டு கட்டிலும் அது எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ண வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. இதையே வாழ்நாள் வேலையாகச் செய்த ஒரு மனிதர் இருந்தார்.

யார் அவர்?

மிஷேல் கோக்லான். 1928-இல் பாரிஸில் பிறந்தவர், சோர்போனில் உளவியலும் புள்ளியியலும் படித்தவர். சின்ன வயதிலேயே ஜோதிடப் பித்து. அது உண்மையா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, மனைவி பிரான்சுவாஸோடு சேர்ந்து ஊர் ஊராகப் பிறப்புப் பதிவேடுகளைத் திரட்டினார். பிரான்சில் அதற்கு ஒரு வசதி இருந்தது, அங்கே பிறப்புப் பதிவில் பிறந்த மணியையும் எழுதும் வழக்கம் நெப்போலியன் காலத்துச் சட்டத்திலிருந்தே உண்டு. நம் ஊர்ப் பிறப்புச் சான்றிதழில் தேதிதான் இருக்கும், நேரம் இருக்காது. அதனால்தான் இப்படி ஒரு ஆராய்ச்சி அங்கே தொடங்க முடிந்தது.

ராசிகளையும் கிரகப் பார்வைகளையும் அவர் சோதித்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை. ஜோதிடத்தை நேசித்த ஒருவர் அதை ஒளிக்காமல் எழுதினார், எனக்கு அவர் மேல் மரியாதை வந்ததற்கு முதல் காரணம் அதுதான். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் எண்கள் அசைந்தன. பிரெஞ்சு மருத்துவ அகாதமி உறுப்பினர்கள் 576 பேரை எடுத்துப் பார்த்தபோது, செவ்வாயோ சனியோ அப்போதுதான் உதித்தோ, உச்சி வானத்தைத் தாண்டியோ இருந்த நேரத்தில் பிறந்தவர்கள் எதிர்பார்த்ததை விட அதிகமாக இருந்தார்கள். 1955-இல் இதை வெளியிட்டார். அப்புறம் விளையாட்டு வீரர்களுக்குச் செவ்வாய், விஞ்ஞானிகளுக்குச் சனி, நடிகர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் குரு, எழுத்தாளர்களுக்குச் சந்திரன் என்று பட்டியல் வளர்ந்தது. இதில் எல்லோரும் பேசியது விளையாட்டு வீரர்களைத்தான். ‘செவ்வாய் விளைவு’ என்றே பெயர் ஆகிவிட்டது.

எண்களைச் சொல்லுங்கள், எவ்வளவு பெரிய வித்தியாசம்?

ஒரு நாளில் செவ்வாய் வானத்தைச் சுற்றுகிற பாதையைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். உதித்தவுடன் வரும் பங்கு ஒன்று, உச்சியைத் தாண்டியவுடன் வரும் பங்கு ஒன்று, இந்த இரண்டுதான் முக்கியம். சாதாரண மக்களில் 100-க்குச் சுமார் 17 பேர் செவ்வாய் இந்த இரண்டு பங்கில் இருக்கும்போது பிறக்கிறார்கள். கோக்லான் திரட்டிய 2,088 விளையாட்டு சாம்பியன்களில் 452 பேர், அதாவது 100-க்கு 21.6 பேர்.

17-க்கும் 22-க்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் 2,000 பேரில் இது தற்செயலாக வருவது மிக மிகக் கடினம், அதனால்தான் உலகமே திரும்பிப் பார்த்தது. அதே சமயம் ஒரு தனி மனிதரைப் பற்றி இது எதுவும் சொல்லாது என்பதையும் பாருங்கள். அந்த சாம்பியன்களில் நாலில் மூன்று பேருக்கு மேல் செவ்வாய் அந்த இடத்தில் இல்லாமலே சாம்பியன் ஆனவர்கள்!

பன்னிரண்டில் இரண்டு என்றால் 16.7 தானே, ஏன் 17?

அதிகாலையில் கொஞ்சம் அதிகக் குழந்தைகள் பிறக்கின்றன. செவ்வாயும் பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் இருக்கும் பக்கமாகவே அதிக நாள் இருக்கும். இரண்டும் சேர்ந்து அந்த அரைப் புள்ளியைக் கூட்டிவிடுகின்றன.

அந்த இரண்டு பங்கும் நம் கட்டத்தில் எந்த இடம்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்கு நன்றி. எனக்கு இதற்குப் பதில் தெரிந்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

உதித்து மேலே ஏறிவரும் இடம் என்பது லக்னத்துக்குப் பன்னிரண்டாம் இடம். உச்சியைத் தாண்டிய இடம் ஒன்பதாம் இடம். நாம் ராசியை முழுக் கட்டமாக எடுப்பதால் சில ஜாதகங்களில் அது லக்னத்திலோ பத்திலோ விழும், இருந்தாலும் பெரும்பாலும் 12-ம் 9-ம்தான். ஒன்பது பாக்கியஸ்தானம், சரி. பன்னிரண்டு? விரயஸ்தானம், மறைவிடம். அங்கே செவ்வாய் இருந்தால் நம் ஊரில் செவ்வாய் தோஷம்!

எங்கள் அத்தைக்கு அதுதான். பன்னிரண்டில் செவ்வாய். வந்த வரன்களெல்லாம் கட்டத்தைப் பார்த்ததும் ‘வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம்’ என்று போனார்கள், ஒருவரும் வந்து சொல்லவில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொஜ்ஜி கிளறிய பாட்டி, கடைசியில் கிளறுவதையே விட்டுவிட்டாள். லக்னத்துக்கு 2, 4, 7, 8, 12 என்று ஐந்து இடத்துக்குத் தோஷம் சொல்கிறோம், பன்னிரண்டில் ஐந்து இடம் என்றால் விதிவிலக்குகளைக் கழிக்காமல் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் தோஷக்காரர்கள். ஒரே கிரகம், ஒரே இடம். ஒரு நாட்டில் அதை வீரர்களின் இடம் என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள், இன்னொரு நாட்டில் அதற்காக ஒரு பெண்ணின் கல்யாணம் தள்ளிப்போகிறது. இரண்டில் எது சரி என்று கேட்பதற்கு முன்னால், யார் எண்ணினார்கள், யார் எண்ணவில்லை என்று கேளுங்கள்.

மற்றவர்கள் இதைச் சரிபார்த்தார்களா?

பார்த்தார்கள், முப்பது வருடத்துக்கு மேல் சண்டை போட்டார்கள்.

முதலில் பெல்ஜியத்தில் ஒரு குழு. அமானுஷ்யம் என்று சொல்லப்படுபவற்றைச் சோதிப்பதற்காகவே விஞ்ஞானிகள் சேர்ந்து அமைத்த குழு அது. 535 வீரர்களை எடுத்து எண்ணியபோது அவர்களுக்கும் 22 சதவீதம் வந்தது. அவர்கள் நம்பவில்லை, எதிர்பார்க்கும் அளவைக் கோக்லான் போட்ட விதம் தப்பாக இருக்கலாம் என்றார்கள், முடிவைப் பல வருடம் கழித்து 1976-இல்தான் வெளியிட்டார்கள்.

அடுத்து அமெரிக்கா. மார்வின் செலன் என்ற புள்ளியியல் பேராசிரியர் ஒரு அருமையான யோசனை சொன்னார்: சாம்பியன்களில் சிலரை எடுத்து, அவர்கள் பிறந்த அதே ஊரில் அதே நாள்களை ஒட்டிப் பிறந்த சாதாரண மக்களையும் எண்ணுங்கள். நான் மேலே சொன்ன இரண்டாவது கட்டு. கோக்லான் தம்பதி 303 சாம்பியன்களுக்குப் பக்கத்தில் 16,756 சாதாரண மனிதர்களின் பதிவுகளைத் திரட்டினார்கள். கணினியில் தேடும் காலமில்லை, நகர மன்றங்களுக்கு எழுதி எழுதி வாங்க வேண்டும். சாம்பியன்களுக்கு 21.8 சதவீதம், மற்றவர்களுக்கு 16.4. எதிர்பார்க்கும் அளவு தப்பு என்ற வாதம் அத்தோடு போயிற்று.

இங்கே ஒரு வருத்தமான விஷயம். செலன், தத்துவப் பேராசிரியர் பால் கர்ட்ஸ், வானியல் அறிஞர் ஜார்ஜ் ஏபெல் மூவரும் முடிவை எழுதும்போது வீரர்களை பாரிஸ், வெளியூர் என்றெல்லாம் பிரித்துப் போட்டு, வித்தியாசம் பலவீனமானது போலக் காட்டினார்கள். கர்ட்ஸ் தலைமையில் நடந்த சிசிகாப் (CSICOP) என்ற அமெரிக்கப் பகுத்தறிவு அமைப்பிலேயே இருந்த டென்னிஸ் ராலின்ஸ் என்ற வானியல் அறிஞர், ஜோதிடத்தைத் துளிகூட நம்பாதவர், ‘இது நேர்மையில்லை’ என்று உள்ளே சண்டை போட்டு, வெளியே வந்து 1981-இல் எல்லாவற்றையும் எழுதினார். 1983-இல் மூவரும் தங்கள் பிழைகளைப் பற்றி மறுபரிசீலனை எழுத வேண்டிவந்தது. நம்பாதவர்களும் தாங்கள் விரும்பிய முடிவை நோக்கிச் சாய்வார்கள். நம் பக்கம் என்பதற்காக இதை மறைத்துப் பேசக்கூடாது.

அதே அமைப்பு 408 அமெரிக்க வீரர்களைத் தனியாக எண்ணியபோது வந்தது 13.5 சதவீதம், விளைவே இல்லை. இவர்கள் போதுமான அளவு பெரிய வீரர்கள் இல்லை என்றார் கோக்லான். கடைசியாகப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் குழு ஒன்று. 1982-இல் விதிகளை முன்கூட்டியே எழுதி வைத்துத் தொடங்கி, 1,066 பிரெஞ்சு வீரர்களை எண்ணி, 1996-இல் முடிவை வெளியிட்டது. எதிர்பார்த்ததை விடச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதைப் பார்க்கக் கோக்லான் உயிரோடு இல்லை, 1991-இல் இறந்துவிட்டார்.

அப்படியானால் கோக்லான் ஏமாற்றினாரா?

நான் அப்படி நினைக்கவில்லை, அவரை எதிர்த்தவர்களிலும் பலர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ‘யார் சாம்பியன்’ என்று முடிவு செய்தவரும் அவரே, செவ்வாய் எங்கே இருந்தது என்று பார்த்தவரும் அவரே. இது போதும். எல்லையில் நிற்கிற ஒரு வீரர், ஒரே ஒரு தடவை தேசிய அணியில் ஆடியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவரைச் சேர்ப்பதா விடுவதா? செவ்வாய் சரியான இடத்தில் இருப்பது தெரிந்திருந்தால் கை தானாகச் சேர்க்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் எதிரி இல்லை, ஆதரவாளர். சூட்பெர்ட் எர்டல் என்ற ஜெர்மன் உளவியல் பேராசிரியர் கோக்லானின் கோப்புகளுக்குள்ளேயே போய்ப் பார்த்தார். வெளியிடாமல் ஒதுக்கி வைத்திருந்த வீரர்களும் அங்கே இருந்தார்கள், அவர்களிடம் செவ்வாய் விகிதம் குறைவாக இருந்தது. எர்டல் அதை மறைக்காமல் எழுதிவிட்டு, இந்தச் சாய்வைக் கழித்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, புகழ் அதிகமானவர்களுக்கு விகிதமும் அதிகமாகிறது என்று வாதிட்டார். யான் வில்லெம் நீன்ஹாய்ஸ் என்ற டச்சுக் கணிதவியலாளர் ஒத்துக்கொள்ளவில்லை, தேர்வில் வந்த சாய்வே போதுமான விளக்கம் என்றார். எனக்கு நீன்ஹாய்ஸ் சொல்வதுதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் விதியை முன்பே எழுதி வைத்துவிட்டு எண்ணிய இடத்தில் விளைவு நிற்கவில்லை.

பிறந்த நேரத்தையே வீட்டார் மாற்றிச் சொல்லியிருக்கலாம் இல்லையா?

ஆமாம், அதையேதான் 2002-இல் ஜெஃப்ரி டீன் சொன்னார். அவர் முன்பு ஜோதிடராகவே இருந்தவர். பழைய ஐரோப்பாவில் பிறந்த நேரத்தைப் பதிவாளரிடம் போய்ச் சொன்னது டாக்டர் இல்லை, குடும்பத்தார். கிரகம் உதிக்கும் நேரம் போட்ட பஞ்சாங்கம் மாதிரியான புத்தகங்கள் வீடுகளில் இருந்தன. நல்ல நேரத்துக்கு அரை மணி தள்ளிச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பதிவேடுகளில் 13-ஆம் தேதிப் பிறப்புகளும் நள்ளிரவுப் பிறப்புகளும் இருக்க வேண்டியதை விடக் குறைவாக இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். எர்டல் இதையும் மறுத்தார். ஆனால் மருத்துவமனையில் டாக்டர் நேரத்தைக் குறிக்கும் காலம் வந்ததும் விளைவு மங்கிப்போனதற்கு இந்த விளக்கம் பொருந்துகிறது.

நம் வீடுகளில் இது நடக்கவில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள் பார்ப்போம். ராகு காலம் முடிந்து பிறந்ததாக இருக்கட்டும் என்று ஐந்து நிமிடம் தள்ளி எழுதாத பாட்டி உண்டா? இப்போது சிசேரியனுக்கே நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள். அது போகட்டும், பிறந்த நேரம் என்பது எது? தலை தெரிந்த நேரமா, குழந்தை முழுக்க வெளியே வந்த நேரமா, முதல் அழுகையா, கொடி அறுத்த நேரமா? தாத்தா நோட்டுகளில் பாதியில் உதயாதி நாழிகை முழு எண்ணாகத்தான் இருக்கிறது. ஒரு நாழிகை 24 நிமிடம். அத்தனை குழந்தைகளும் நாழிகை மாறும் நேரம் பார்த்தா பிறந்திருக்கும்?

இதெல்லாம் மேல்நாட்டு ஆராய்ச்சி. நம் ஜோதிடத்தை யாராவது சோதித்தார்களா?

சோதித்தார்கள், புனேயில். வானியற்பியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர் அங்கிருந்த சிலரோடு சேர்ந்து செய்தார், முடிவு 2009-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வந்தது. படிப்பில் கெட்டிக்காரர்கள் என்று ஆசிரியர்கள் சொன்ன 100 மாணவர்கள், மனவளர்ச்சி குன்றியோர் பள்ளிகளிலிருந்து 100 பேர், ஆக 200 ஜாதகம். ஒவ்வொரு ஜோதிடருக்கும் கலந்து எடுத்த 40 ஜாதகங்களை அனுப்பி, எது எந்த வகை என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள். காசைச் சுண்டிச் சொன்னாலே 20 சரியாக வரும். 28 சரியாகச் சொன்னால் திறமை என்று எடுத்துக்கொள்வதாக முன்பே அறிவித்தார்கள்.

51 பேர் கலந்துகொள்ள முன்வந்தார்கள், பதில் அனுப்பியவர்கள் 27 பேர். அதில் மிக நன்றாகச் சொன்னவர் 24. சராசரி 20-க்கும் கீழே. ஒரு ஜோதிட அமைப்பு 200 ஜாதகத்தையும் குழுவாக உட்கார்ந்து பார்த்து 102 சரியாகச் சொன்னது. பாதிக்குப் பாதி.

இதில் முக்கியமானது என்னவென்றால், ‘யார் கொஞ்சம் கெட்டிக்காரர்’ என்று நூலிழை பிரிக்கும் கேள்வி இல்லை இது. இரண்டு வாழ்க்கைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அதுவே கட்டத்தில் தெரியவில்லை என்றால், ஐஏஎஸ்-ஸா பேங்க் வேலையா என்பது எப்படித் தெரியும்?

ராசிக் கட்டம் மட்டும் போதாது, அம்சம் பார்க்க வேண்டும் என்கிறார்கள்?

பார்க்கலாம். இந்தியாவில் வருடத்துக்குச் சுமார் 2.3 கோடிக் குழந்தைகள் பிறக்கின்றன, நிமிடத்துக்கு 44. ஒரு லக்னம் இரண்டு மணி நேரம் நிற்கும் என்றால், ராசிக் கட்டம் ஏறக்குறைய ஒன்றேயான குழந்தைகள் ஐயாயிரம் பேர். அம்சம் என்பது ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் போடும் கட்டம், அதன் லக்னம் (நவாம்ச லக்னம்) 13 நிமிடத்துக்கு ஒரு முறை மாறும், அதையும் சேர்த்துப் பார்த்தாலும் ஐந்நூறு பேருக்கு மேல் ஒரே ராசி, ஒரே அம்சம், ஒரே தசை இருப்பு. ஊருக்கு ஊர் லக்னம் கொஞ்சம் முன்பின்னாகும், இருந்தாலும் கூட்டம் கூட்டமாகத்தான் ஒரே கட்டம். ஒரு பெரிய விஞ்ஞானியின் அம்சத்தைக் காட்டி வியக்கும்போது, அதே அம்சத்தோடு பிறந்த மற்ற ஐந்நூறு பேர் எங்கே என்ற கேள்வி எனக்கு உடனே வந்துவிடுகிறது.

வாக்கியமா, திருக்கணிதமா?

இரண்டும் கிரக நிலையைக் கணக்கிடும் பஞ்சாங்க முறைகள், வாக்கியம் பழைய சூத்திரங்களை வைத்து, திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கை வைத்து. சமீபத்தில் நடந்ததையே சொல்கிறேன். திருக்கணிதப்படி சனி கும்பத்திலிருந்து மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச்சில்தான். கிட்டத்தட்ட ஒரு வருடம் இடைவெளி! இந்த இடைவெளியில் ரிஷபம், சிம்மம், விருச்சிகம், கும்பம் ஆகிய லக்னங்களில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் வாக்கியத்தில் சச யோகம் உண்டு, சனி ஆட்சி பெற்றுக் கேந்திரத்தில். திருக்கணிதத்தில் கிடையாது. மூன்றில் ஒரு குழந்தை ஒரு பஞ்சாங்கத்தில் மகாபுருஷன், இன்னொன்றில் இல்லை.

பிறந்த மாதத்துக்கும் விளையாட்டுக்கும் தொடர்பு உண்டு என்று நிரூபித்திருக்கிறார்களாமே?

ஆமாம், இது உண்மை. 1985-இல் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களைப் பார்த்தார்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள், வருடக் கடைசியில் பிறந்தவர்கள் குறைவு. ஒரு ஜோதிடர் பார்த்தால் சூரியன் மகரத்திலும் கும்பத்திலும் இருந்தால் ஹாக்கி வரும் என்று எழுதிவிடுவார், எண்ணும் சரியாகவே வரும்!

காரணம் தரையில் இருக்கிறது. அங்கே சிறுவர் அணிக்கு வயதைக் கணக்கிடுவது ஜனவரி 1-லிருந்து. ஜனவரியில் பிறந்த பத்து வயதுப் பையன், டிசம்பரில் பிறந்த பத்து வயதுப் பையனை விட ஏறக்குறைய ஒரு வருடம் மூத்தவன், தோள் அகலம், ஓட்டம் வேகம். அவனைத்தான் பயிற்சியாளர் அணியில் எடுப்பார், நல்ல பயிற்சி அவனுக்குத்தான், வருடா வருடம் அது கூடிக்கொண்டே போகும். பெல்ஜியத்தில் 1997-இல் சிறுவர் கால்பந்துக்கு இந்தக் கணக்கு நாளை ஆகஸ்டிலிருந்து ஜனவரிக்கு மாற்றினார்கள். தேர்வாகும் பையன்களின் பிறந்த மாதமும் கூடவே மாறியது. கிரகங்கள் அதே இடத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தன, விதிப் புத்தகத்தில் ஒரு வரிதான் மாறியது.

நம் பள்ளிக்கூடங்களிலும் இது நடக்கும். வகுப்பிலேயே சின்னவனாக இருக்கும் பிள்ளையை ‘மந்தம், புதன் கெட்டிருக்கு’ என்று சொல்வதற்கு முன் அவன் பிறந்த மாதத்தைப் பாருங்கள்.

எனக்கு ஜோதிடர் சொன்னது அப்படியே பலித்ததே?

உங்கள் அனுபவத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். கோக்லானே செய்த இன்னொரு சோதனையைச் சொல்கிறேன். 1968-இல் ஒரு பாரிஸ் வாரப் பத்திரிகையில் ‘இலவசமாக ஜாதக பலன்’ என்று விளம்பரம் கொடுத்தார். எழுதிக் கேட்ட எல்லோருக்கும் ஒரே பலனை அனுப்பி, சரியாக இருக்கிறதா என்று கேட்டார். பதில் எழுதிய முதல் 150 பேரில் 94 சதவீதம் பேர் ‘இது நான்தான்’ என்றார்கள். அந்தப் பலன் மார்செல் பெத்தியோ என்ற டாக்டரின் பிறந்த நேரத்துக்குக் கணித்தது. நாஜிக்களுக்குப் பயந்து பாரிஸை விட்டு ஓட நினைத்தவர்களைத் தப்பவைப்பதாகச் சொல்லி வீட்டுக்கு அழைத்துக் கொன்றவர் அவர், 1946-இல் தலை வெட்டப்பட்டார்.

அப்படியானால் ஜாதகமே வேண்டாம் என்கிறீர்களா?

அந்தத் தகரப் பெட்டியை நான் யாருக்கும் தர மாட்டேன். தாத்தாவின் கையெழுத்து, குழந்தை பிறந்த ஊர், நட்சத்திரம், பெற்றோர் பெயர், எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பிள்ளையின் படிப்பையோ வேலையையோ கல்யாணத்தையோ அதை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் நான் கேட்பது.

நானே எண்ணிப் பார்க்க வேண்டும் என்றால் எப்படி?

தாராளமாகச் செய்யுங்கள், எனக்கும் சொல்லுங்கள். முதலில் ஒரே ஒரு யோகத்தை எடுங்கள், கஜகேசரியே போதும், அதன் நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு மடித்து வையுங்கள், பாதியில் மாற்றக்கூடாது. எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். யார் சாதித்தவர் என்பதை ஜாதகம் பார்க்காத இன்னொருவர் முடிவு செய்யட்டும். பெயரை மறைத்துவிட்டுக் கட்டங்களை மட்டும் நீங்கள் எண்ணுங்கள். பத்து, இருபது பேர் போதாது, நூற்றுக்கணக்கில் வேண்டும்.

முதல் கட்டு சுலபமாகச் சேர்ந்துவிடும், பெரிய வேலையில் இருப்பவர்கள் வீட்டில் நோட்டைச் சந்தோஷமாக எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டாவது கட்டுக்குத்தான் நாலு தடவை நடக்க வேண்டும். சித்தப்பா நோட்டைக் கேட்டபோது சித்தி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் உள்ளே போய், முந்தானையால் துடைத்துக் கொண்டுவந்து கையில் வைத்து, ‘இதை எதுக்குடா கேக்கறே, அதுலதான் ஒண்ணும் பலிக்கலையே’ என்றாள்.